காவலும் எழுத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டும் எனச் செயலாளர் என்னைப் பணித்தபோது, வழக்கம்போல் இலக்கியத்தில் ஒரு துளியை எடுத்துக்கொண்டு வருவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ போலீஸாரின் அதிகாரமும் ஊர்ப் பத்திரிகைகளின் உரிமையும் ஆகும். “விழா நாளில் இது வேண்டுமா?” என்று அவர் சற்றே தயங்கினார். பின்னர், “உள்ளத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்” என்று இசைந்தார். அவருக்கு என் நன்றி உரியது.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. எது நடந்தாலும் அது பதிவேட்டில் ஏறவேண்டும். ஏற்றியவன் அதன் கீழே ஒப்பமிடவேண்டும். ஒப்பமில்லாத பதிவு பதிவே ஆகாது. இன்று நான் சொல்ல வந்ததும் ஏறத்தாழ இவ்வளவே.

முதலில் நம் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். சிலம்பு விற்க மதுரைக்குச் சென்ற கோவலன் எவ்வாறு மாண்டான்? வெளியூரான், அவ்வூரில் அவனை அறிந்தார் எவருமிலர். திருட்டுப் பொருள் இவனிடம் உள்ளது என ஒரு பொற்கொல்லன் சொன்னான். அரசன் விசாரியாமல் ஆணையிட்டான். காவலருள் சிலர் இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுற்றனர். ஆயினும் அவர்களுள் ஒருவன் வாளை ஓங்கிவிட்டான். பின்னர்க் கண்ணகி அரசவையில் வந்து நின்று, தன் சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அந்தச் சான்று ஒரு பொழுதுக்கு முன்னரே அவைக்கு வந்திருந்தால் மதுரையும் எரிந்திராது, பாண்டியனும் மாண்டிரான். வெளியூரில் பிழைக்க வந்தவன்மேல் ஐயம் எளிதில் விழும் என்பதும், காலத்தில் வாராத சாட்சியம் ஓர் உயிரைக் காவாது என்பதும் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லும் பாடங்கள். மகாராஷ்டிரத்தில் குடியேறி வாழும் நமக்கு அவை இன்னும் நெருங்கிய பாடங்கள் அல்லவா?

இனி, நாம் வாழும் இப்பூனா நகரின் வரலாற்றுக்கு வருவோம். இந்நகரில் 1881ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கேசரி’ என்னும் மராத்தி வார இதழ் தோன்றியது. அதன் துணை இதழாக ஆங்கிலத்தில் ‘மராட்டா’ வெளிவந்தது. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பூனாவுக்கும் பரவிற்று. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. ராண்ட் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியின் தலைமையில் அமைந்த குழு, படைவீரர்களைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை நடத்தியது. நோயாளிகளை மருத்துவமனைக்கும் உற்றாரைத் தனி முகாமுக்கும் கொண்டு சென்றனர். வீட்டுப் பொருள்களைத் தெருவில் இட்டுக் கொளுத்தினர். பூசையறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்தனர் என்றும், பெண்டிரை இழிவாக நடத்தினர் என்றும் ஊரெங்கும் குமுறல் எழுந்தது.

நோயைத் தடுக்க நடவடிக்கை வேண்டாம் என்று திலகர் சொல்லவில்லை. அவரே ஒரு பிளேக் மருத்துவமனை நடத்தினார். நடவடிக்கையின் பெயரால் நடந்த கொடுமையையே ‘கேசரி’ கண்டித்தது. 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு, விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ராண்டையும் ஐயர்ஸ்ட் என்னும் படை அதிகாரியையும் கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். விருந்து நடந்த கவர்னர் மாளிகைதான் இன்று பல்கலைக்கழகத்தின் கட்டடமாக விளங்குகிறது; நம் பிள்ளைகள் சிலர் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றனர். ஐயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3ஆம் நாள் உயிர் நீத்தார்.

கொலை எவ்வகையிலும் கொண்டாடத்தக்கதன்று. ஆனால் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். நகரின்மேல் தண்டப் போலீஸ் சுமத்தப்பட்டது. நாட்டு சகோதரர் இருவர், 1827ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குவிதி ஒன்றைக்கொண்டு விசாரணையே இன்றிச் சிறைவைக்கப்பட்டனர். ஜூலை 27ஆம் நாள் திலகர் கைதானார். அவர்மேல் சாட்டிய குற்றம் கொலையன்று, எழுத்து! ‘கேசரி’யில் ஜூன் 15ஆம் நாள் வந்தவற்றுக்காக இராசத்துரோக வழக்கு. அரசினிடம் அன்பில்லாமையே வெறுப்பாகும் என்று நீதிபதி ஸ்டிராச்சி சட்டத்துக்குப் பொருள் விரித்தார். ஜூரிகள் ஒன்பதின்மரில் ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் குற்றவாளி அல்லர் என்றனர். பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. 1908இல் மீண்டும் அதே குற்றச்சாட்டு. இம்முறை ஆறாண்டு, மாந்தளைச் சிறை. அதே ஆண்டில் நம் நாட்டில் ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஜி.சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். ‘இந்தியா’ பத்திரிகையின் சட்டபூர்வ ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறை சென்றார். பாரதியார் புதுவைக்குச் சென்றார். பூனாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்நாளில் மொழி வேறாயிருந்தது, துன்பம் ஒன்றாயிருந்தது.

இவையெல்லாம் நீங்கள் பள்ளியில் படித்தவையே. அதே 1897இல் நடந்த வேறொரு நிகழ்ச்சியை அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தேன்.

அவ்வாண்டு கோபால கிருஷ்ண கோகலே, வெல்பி கமிஷன் முன்னர்ச் சாட்சியம் அளிப்பதற்காக இங்கிலாந்து சென்றிருந்தார். பூனாவில் நடப்பவை பற்றி நண்பர்கள் அவருக்குக் கடிதங்கள் எழுதினர். பெண்டிர் இருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையும், அவர்களுள் ஒருத்தி உயிர் மாய்த்துக்கொண்டதும் அவற்றுள் இருந்தன. எழுதியவர்கள் நம்பத்தக்கவர்கள். ஆதலின் கோகலே ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகைக்கு அதனைச் சொன்னார். பம்பாய் அரசு, சான்று எங்கே என்று கேட்டது. கோகலே ஜூலை இறுதியில் தாயகம் திரும்பியபோது திலகரும் நாட்டு சகோதரரும் சிறைப்பட்டிருந்தனர். நகரமே அஞ்சி ஒடுங்கியிருந்தது. கடிதத்தில் எழுதியதை வெளிப்பட்டு நின்று மெய்ப்பிக்க எவரும் முன்வரும் நிலையில்லை. எழுதியவர் பெயர்களைக் காட்டிக்கொடுக்கக் கோகலேவும் விரும்பவில்லை. மெய்ப்பிக்க முடியாததைச் சொன்னது தம் தவறே என்று ஏற்று, கவர்னரிடமும் படைவீரரிடமும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார். அதற்காக அவர் பட்ட இழிசொற்கள் சிலவல்ல; நம்மவரே அவரைக் கோழை என்றனர்.

ஆனால் அன்பர்களே, அங்கே யார் கோழை? பெயரைச் சொல்லி நின்றவரா? பெயரை மறைத்து எழுதியவர்களா? அந்நாளின் அச்சத்தை நோக்க, அவர்களையும் நான் பழிக்கத் துணியேன். ஏனெனில் நானும் அவ்வரிசையில் நின்றவனே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது. ஊரையும் நிலையத்தையும் பெயர் சொல்லேன். ஓர் இரவு நான் பணியில் இருந்தேன். தென்மாவட்டத்திலிருந்து கூலி வேலை தேடி வந்த இளைஞன் ஒருவன், தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் என் ஜன்னலருகே நெடுநேரம் நின்று, ஊர் செல்லும் வண்டிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்நேரத்தில் பிளாட்பாரத்தின் மறுகோடியில் ஒரு பயணியின் பணப்பை காணாமற் போயிற்று. சற்றைக்கெல்லாம் காவலர் இருவர் வந்து அவ்விளைஞனைப் பிடித்தனர். அவன் மராத்தியும் அறியான், இந்தியும் அறியான். என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே” என்று மட்டும் கத்தினான். அவன் அங்கே நின்றதற்கு உலகில் இருந்த ஒரே சாட்சி நான். நான் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்தப் பணப்பை பயணியின் மூட்டைக்குள்ளேயே அகப்பட்டது. இளைஞனை விட்டுவிட்டனர். சிறிய மராத்தி வார இதழ் ஒன்றின் நிருபர் என்னைத் தேடிவந்தார். முதிய மனிதர், சைக்கிளில் வந்தார். “நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், உங்கள் பெயரோடு போடுகிறேன். பெயரில்லாவிட்டால் அது வதந்தி ஆகிவிடும்” என்றார். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். செய்தி, ‘அடித்ததாகச் சொல்லப்படுகிறது’ என நான்கு வரியில் வந்தது. அடுத்த நாளே மறுப்பு வந்தது. அம்முதியவரை அழைத்து ஒரு பகல் முழுதும் பெஞ்சில் உட்காரவைத்தனர் என்று பின்னர் அறிந்தேன். அடுத்த வார இதழில், கட்டம் கட்டி, ‘வருந்துகிறோம்’ என்று வெளியிட்டார்.

மூன்றாம் நாள் அவ்விளைஞனைப் பிளாட்பாரத்தில் கண்டேன். ஒரு கால் வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவான் என எதிர்பார்த்தேன். அவன், “வண்டி எத்தனை மணிக்கு அண்ணே?” என்று மட்டுமே கேட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொன்னேன்.

இதை இம்மேடையில் சொல்லி என் மனச்சுமையை உங்கள்மேல் இறக்கிவைப்பது என் நோக்கமன்று. போலீஸாரின் மிகை ஒருபுறம் இருக்க, பத்திரிகையின் வாயை அடைத்தவன் நானும்தான் என்பதைச் சொல்லவே சொன்னேன். பத்திரிகைச் சுதந்திரம் பறிபோயிற்று என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். அதைப் பறிப்பதற்கு அரசாணை ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. பார்த்தவன் பார்க்கவில்லை என்றாலே போதும்.

பெயரோடு வந்து நின்றவர்கள் என்ன சாதித்தனர் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையில் காசுலு லட்சுமிநரசு செட்டி என்னும் வணிகர் 1844இல் ‘கிரெசென்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852இல் சென்னை மக்கள் சங்கம் ஒன்றையும் நிறுவினார். வரி வசூலிப்பதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் குடியானவர்களைக் கும்பினி ஊழியர் வதைக்கும் கொடுமையை அவரும் அவருடைய சங்கமும் இங்கிலாந்து வரைக்கும் எட்டச் செய்தனர். அங்கிருந்து வந்த டான்பி சீமோர் என்னும் பாராளுமன்ற உறுப்பினரை ஊர்களுக்கு அழைத்துச் சென்று காட்டினார் செட்டியார். 1854இல் பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. விசாரணைக் குழு அமைந்தது. அக்குழுவின் முன் ஏறக்குறைய 2,000 முறையீடுகள் வந்தன. 500க்கு மேற்பட்டோர் தாமே நேரில் வந்து நின்றனர். நெடுந்தொலைவு நடந்தே வந்தோர் பலர். விரல்களைக் கிட்டி போட்டு நெரித்ததையும், கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் அவர்கள் தம் பெயரையும் ஊரையும் சொல்லிப் பதிவு செய்தனர். 1855இல் அறிக்கை வெளிவந்தது. வதை உண்டு என்பதை அரசு நியமித்த குழுவே ஒப்புக்கொண்டது.

அதன் பின்னரே வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் இருந்த முறை மாறிற்று. 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது என்னும் விதி 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி 23ஆம் பிரிவாக வாழ்கிறது. எழுத்தறியாத குடியானவர் பலர் வந்து நின்றதால் விளைந்த வேலி அது. இன்று படித்த நம் பிள்ளைகளையும் அதுவே காக்கிறது.

விடுதலைக்குப் பின் வந்த தீர்ப்புகளுள் சிலவற்றை மட்டும் சொல்லுவேன். பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையவே கூடாது என 1950 மார்ச்சில் ஆணை பிறந்தது. ரயிலில் வந்த கட்டை எல்லையிலேயே நிறுத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதெனத் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் தமிழரான நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. எழுதும் உரிமை என்பது எழுதியதைப் பரப்பும் உரிமையும் ஆகும் என்பது அதன் சாரம். 1961இல் இப்பூனாவின் ‘சகாள்’ நாளிதழ் தொடுத்த வழக்கிலும் அதே கொள்கை உறுதிப்பட்டது. விலைக்கு இத்தனை பக்கந்தான் என்று அரசு வகுத்த அளவுகோல் முறிந்தது. டாக்டர் பருலேகர் 1932இல் தொடங்கிய ஓர் ஊர்ப் பத்திரிகை, நாடு முழுவதும் உள்ள பத்திரிகைகளுக்காக வென்ற வழக்கு அது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது ‘நக்கீரன்’ வழக்கு. கொலைவழக்கில் மரணதண்டனை பெற்றுச் செங்கற்பட்டுச் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினான். போலீஸ் அதிகாரிகள் முதலியோரோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் எழுதியிருந்தான் என்பது செய்தி. அதனை ‘நக்கீரன்’ தொடராக வெளியிடுவதாக அறிவித்ததும், வெளியிடாதீர் எனச் சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூனில் கடிதம் அனுப்பினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. அக்டோபர் 7ஆம் நாள் நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பளித்தார். தம் பெயர் கெடும் என்று அஞ்சி, அச்சாகும் முன்னரே தடுக்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றார். அரசுப்பணி தொடர்பான செயல்களைப் பற்றி எழுதியது பின்னர்ப் பிழை என்று தெரிந்தாலும், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதியதாகவோ தீயநோக்கோடு எழுதியதாகவோ அதிகாரி காட்டினாலன்றி இழப்பீடு பெற முடியாது. தக்கவாறு விசாரித்தே எழுதினேன் என்று பத்திரிகை காட்டினால் போதும் என்றார். அதே தீர்ப்பு தனிமனிதனின் அந்தரங்க வாழ்வுக்கும் அரண் கட்டிற்று. அதிகாரியின் அலுவல் ஊருக்குச் சொந்தம். ஒருவனுடைய குடும்பம் அவனுக்குச் சொந்தம். எவ்வளவு நேர்த்தியான பாகுபாடு!

தீர்ப்பு இருந்தால் மட்டும் போதுமா? 2018 அக்டோபர் 9ஆம் நாள் அதே ‘நக்கீரன்’ ஆசிரியர், ஆளுநரைப் பற்றி வெளியான கட்டுரைகளுக்காகச் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அன்று அவர் புறப்பட இருந்தது எந்த ஊருக்கு என்று எண்ணுகிறீர்கள்? நம் பூனாவுக்கே! ஆளுநரைத் தாக்கித் தடுப்போர்க்கென வகுத்த பிரிவை எழுத்தின்மேல் ஏவினர். நீதிமன்றத்தில் ‘இந்து’ நாளிதழைச் சேர்ந்த என்.ராம் எழுந்து நின்று பத்திரிகை உலகின் சார்பில் பேசினார். காவலில் வைக்க மாஜிஸ்திரேட் மறுத்து அன்றே விடுவித்தார். தொழிலில் வேறு பத்திரிகையைச் சேர்ந்த ஒருவர் வந்து நின்றார் என்பதே அங்கே நாம் கவனிக்கத்தக்கது.

செய்தி எவ்வாறு சட்டமாகிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறேன். 1986 ஜூலையில் கல்கத்தாப் பத்திரிகைகளில், காவலில் நேர்ந்த மரணங்களைப் பற்றிச் சில செய்திகள் வந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி, மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே.பாசு அவ்வாண்டு ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காயிற்று. பத்தாண்டுக்குப் பின், 1996 டிசம்பர் 18ஆம் நாள் உச்சநீதிமன்றம் பதினொரு கட்டளைகளைப் பிறப்பித்தது. கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணியவேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ அவ்விடத்து மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிடவேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ தெரிவிக்கவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். இவை அவற்றுட் சில. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தவேண்டும் என்பதோ அரசியல் சட்டத்திலேயே 22ஆம் பிரிவில் உள்ளது. 2006இல் போலீஸார்மேல் புகார் கேட்க மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் ஆணையம் வேண்டும் என்றும், 2020இல் காவல்நிலையங்களில் காமிரா பொருத்தவேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறிற்று.

இத்தனை வேலிகள் இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது! ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார் என்னும் பேச்சில் தந்தையும், அவரைத் தேடிச் சென்ற மகனும் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். சில நாட்களில் இருவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அச்செய்தி நாட்டையே உலுக்கிற்று. விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட்டுக்கே அங்கே மதிப்பில்லை என்று அறிந்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, காவல்நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. அந்நிலையில் இரவெல்லாம் நடந்ததைக் கண்டேன் என்று அஞ்சாமல் சொன்னவர் யார்? அங்கே பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். தம் மேலதிகாரிகள் சூழ்ந்திருக்க, தம் பிழைப்பும் குடும்பமும் அவர்கள் கையில் இருக்க, அவர் சாட்சியம் அளித்தார். அந்த அம்மையாரை நினைக்கும்போதெல்லாம், ஜன்னலுக்குப் பின்னே தலை குனிந்திருந்த என்னை எனக்கே பிடிப்பதில்லை.

காவல்துறை முழுவதும் தீயது என்று சொல்ல இந்நிகழ்ச்சியே இடம் தராது. உண்மையைச் சொன்னவரும் காக்கி உடுத்தவரே. கணேச சதுர்த்தி ஊர்வலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் கால்கடுக்க நிற்கும் காவலர்களை நாம் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் இரவுப்பணி முடிந்து அச்சமின்றி வீடு திரும்புவது அவர்கள் துணையால் அன்றோ? அதிகாரம் கண்காணிப்பின்றி இருக்கும்போதுதான் மனிதன் மிகை செய்கிறான்; நானாயினும் செய்வேன். குற்றத்தை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வார் இல்லாத ஆட்சி, எதிரி வந்து கெடுக்கவேண்டியதின்றித் தானே சாயும் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வாறு எடுத்துச் சொல்லும் வேலையை இன்று ஊர்ப் பத்திரிகை செய்கிறது. பெரிய நாளிதழ்கள் தலைநகரைப் பார்க்கும். நம் பேட்டையின் காவல் சாவடியைப் பார்ப்பது சிறு பத்திரிகையே.

பத்திரிகைக்கும் கடமை உண்டு. 1882இல் திலகரும் அகர்கரும் கோலாப்பூர்த் திவானைப் பற்றி வெளியிட்ட செய்திக்காகச் சிறை சென்றனர். டோங்கிரிச் சிறையில் 101 நாள் இருந்தனர். அவர்கள் நம்பி வெளியிட்ட கடிதங்கள் போலி என்று வழக்கில் தெரியவந்தது. நோக்கம் தூயதாயினும் ஆதாரம் பழுதானால் பத்திரிகை தோற்கும். கோகலேவின் கதையும் அதுவே. இந்நாளில் கைப்பேசியில் வரும் துணுக்கை ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் பத்திரிகைத் தொண்டு செய்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பெயரில்லாத அச்செய்திகள் அநியாயம் செய்தவனுக்கே உதவுகின்றன. ‘வதந்தி’ என்னும் ஒரு சொல்லால் அவற்றைத் தள்ளிவிட அவனுக்கு எளிதாகிறது.

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: கைது செய்யப்பட்டவனுக்கு உள்ள உரிமைகளைத் தமிழிலும் மராத்தியிலும் ஒரு தாளில் அச்சிட்டு, நம் காலனி வீடுகள்தோறும், புதிதாக வேலை தேடி வரும் நம்மவர் தங்குமிடங்கள்தோறும் கொடுக்கவேண்டும். மொழி தெரியாதவன் சொல்ல முடியாததைத் தாள் சொல்லும்.

இரண்டு: நம் சங்கத்தில் மராத்தி நன்கறிந்த இளைஞர் பலர் உளர். இரவு எந்நேரமாயினும், மொழி அறியாத ஒருவன் காவல்நிலையத்தில் நிற்கிறான் என்று அறிந்தால், இருவர் சென்று மரியாதையோடு அவனுக்காக மொழிபெயர்க்கவேண்டும். சண்டையிடச் செல்லவேண்டா. பெயர் சொல்லி, அருகில் நின்றாலே போதும். பாதித் துன்பம் நீங்கும்.

மூன்று: நம் வீட்டில் ஒரு தமிழ் இதழோடு இவ்வூரின் மராத்தி இதழ் ஒன்றையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். இரவல் வாங்கிப் படிப்பவன் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச உரிமையற்றவன். அதன் நிருபர் வந்து கேட்டால், கண்டதைக் கண்டபடி, காணாததைக் காணவில்லை என்று, நம் பெயரோடு சொல்லவேண்டும்.

“நாம் வந்தேறிகள், நமக்கேன் இந்த வம்பு?” என்று கேட்பவர் உண்டு. அன்பர்களே, நாம் இங்கே பிள்ளை பெற்றோம், வரி கொடுக்கிறோம், இந்நகரின் முத்தா ஆற்று நீரைக் குடிக்கிறோம். இன்னும் எத்தனை தலைமுறைக்கு விருந்தினராகவே இருப்பது? ஓர் ஊரின் நன்மைக்குச் சாட்சி சொல்லத் துணிந்த நாளில்தான் அவ்வூர் நம் ஊர் ஆகிறது.

அந்த முதிய நிருபர் இன்று எங்கே இருக்கிறாரோ, அறியேன். அவர் இதழும் நின்றுவிட்டது. அவர் அன்று கேட்ட கையொப்பத்தை இன்று காலங்கடந்து இவ்வுரையின் கீழே இடுகிறேன். மலரில் இதனை அச்சிடுகையில் என் பெயரை விட்டுவிடலாமா என்று செயலாளர் அன்போடு கேட்டார். விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.